பர்மிட் மாமாவின் பத்து மீன்கள்

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஊர் வைத்த பெயர் பர்மிட். பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று உண்டு, சம்பளம் போடுகிறவர்களுக்கு மட்டும் அது ஞாபகம் இருக்கிறது. தெருவில் வழி கேட்டால்கூட, "பர்மிட் வீடா? கதவுல நோட்டீஸ் ஒட்டியிருக்கும் பாருங்க, அதான்" என்பார்கள். நான் அவரை மாமா என்று கூப்பிடுகிறேன். மனசுக்குள் கூப்பிடுவதை இங்கே எழுத முடியாது.

அவருடைய உத்தியோகத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏரி, குளம், கால்வாய் என்று பொதுத் தண்ணீர் எதுவானாலும், அதில் மீனைக் கொல்லும் மருந்தை ஊற்ற வேண்டுமென்றால் மாமாவின் கையெழுத்து வேண்டும். மீனை எதற்குக் கொல்ல வேண்டும் என்று கேட்பீர்கள். யாராவது ஒரு புண்ணியவான் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்த மீன் அலுத்துப்போய், அதை ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுவான். அது அங்கே குடும்பம் பெருத்து, இருக்கிற மீனின் முட்டைகளையெல்லாம் தின்று, ஏரியையே தன் பெயருக்கு எழுதி வாங்கிவிட்ட மாதிரி நடந்துகொள்ளும். வலை போட்டு மாளாது. அப்போது மருந்தை ஊற்றி ஒட்டுமொத்தமாகத் துடைத்துவிட்டு, நல்ல மீனாகப் பார்த்துப் புதிதாக விடுவார்கள். ஆனால் மருந்துக்கு நல்ல மீன், கெட்ட மீன் தெரியாது. செவுளில் ஏறினால் மூச்சை நிறுத்திவிடும், அவ்வளவுதான். அதனால்தான் அதற்கு ஒரு சட்டம், சட்டத்துக்குக் காவலாக எங்கள் மாமா.

காவல் என்றால் சாதாரணக் காவலா? கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கரையில் வைக்கும் எச்சரிக்கைப் பலகையில் எழுத்து ஒரு விரல் உயரம் குறைந்தது என்று, மருந்து ஏற்றி வந்த லாரியையே திருப்பி அனுப்பியவர். மருந்து தெளிப்பவன் கையுறை போட்டிருக்க வேண்டும், முகமூடி போட்டிருக்க வேண்டும், முகமூடிக்குள் வெற்றிலை போட்டிருக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னது சட்டத்தில் இல்லை, மாமா சேர்த்தது. சட்டத்தில் பாதி அவர் சேர்த்ததுதான். தலைமை அலுவலகத்தில் யாருக்கும் எழுதப் பொறுமை இல்லை, இவருக்கு எழுதுவதைத் தவிர வேறு எதற்கும் பொறுமை இல்லை. அந்தப் பொருத்தத்தில் பிறந்ததுதான் எங்கள் பகுதியின் மீன்கொல்லி விதிகள்.

வீட்டிலும் அதே கூத்துதான். கரப்பானுக்கு மருந்தடிக்க வேண்டுமென்றால் அக்கா முதல் நாளே சொல்ல வேண்டும். சமையலறைக் கதவில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். "கரப்பான் படிச்சுப் பாத்துட்டு ஊரைக் காலி பண்ணிரும், அதுக்கப்புறம் நான் யாருக்கு மருந்தடிக்கிறது?" என்று அக்கா கேட்டால், "உயிர் போற விஷயம், விளையாட்டு இல்ல" என்பார். யாருடைய உயிர் என்று அவரும் சொல்ல மாட்டார், அவளும் கேட்க மாட்டாள்.

அந்த வீட்டுக் குளியலறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குளிக்கிற தொட்டியில் மனிதர்கள் யாரும் குளித்து நான் பார்த்ததில்லை. அதில் பத்து மீன்கள் குடியிருந்தன. பனையேறி என்று ஒரு சாதி மீன் உண்டு. தண்ணீரை விட்டு வெளியே போட்டாலும் லேசில் சாகாது. காற்றை விழுங்கிக்கொண்டு, செவுளை ஊன்றித் தரையில் நடந்தே போய்விடும். ஒருமுறை அங்கே தங்கியிருந்தபோது முகம் கழுவப் போனேன். முகமெல்லாம் சோப்பு நுரை, கண் மூடியிருக்கிறது, காலில் ஏதோ முள்ளோடு ஏறுகிறது. நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர் தடியோடு ஓடி வந்துவிட்டார். கண்ணைத் திறந்து பார்த்தால் வால் நுனி கிழிந்த ஒரு மீன், நான்தான் அதன் வழியில் நிற்கிற மாதிரி என்னை முறைத்துக்கொண்டிருந்தது. அக்கா அதற்குக் கிழிசல் என்று பெயர் வைத்திருந்தாள். ஒரு துணியால் அதைப் பிடித்து, "வெளிய வராதன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று திட்டியபடி தொட்டியில் போட்டாள்.

"என்ன மாமா இது, வீடா, மீன் மார்க்கெட்டா?" என்று கேட்டேன்.

"ஆபீஸ் மீனும்மா" என்றார்.

ஆபீஸ் மீனுக்கு வீட்டில் என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. ஆபீஸ் பேனா, ஆபீஸ் நாற்காலி, ஆபீஸ் மின்விசிறி எல்லாமே அந்த வீட்டில்தான் இருந்தன.

இனி என் கதை. ஏரியிலிருந்து இறங்கும் வாய்க்கால் ஓரத்தில் எங்களுக்கு ஒரு மீன்குஞ்சுப் பண்ணை இருக்கிறது. நானும் என் வீட்டுக்காரரும் நடத்துகிறோம். கெண்டையில் நல்ல தாய் மீன்களாகத் தேர்ந்து வளர்த்து, முட்டையிட வைத்து, குஞ்சு பொரித்து, குளம் வைத்திருப்பவர்களுக்குக் கொடுப்போம். குஞ்சு போனால் அடுத்த பருவத்தில் பார்த்துக்கொள்ளலாம். தாய் மீன் போனால் பண்ணையே போனது, மறுபடி அந்த அளவுக்கு வளர்த்தெடுக்க வருஷக்கணக்காகும். எங்கள் போர்வெல் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. வாய்க்கால் தண்ணீர்தான் எங்களுக்கு உயிர், அந்த வாய்க்காலின் ஷட்டர் மாமாவின் சட்டத்துக்குள் இருக்கிறது.

ஏரிக்கு மருந்து ஊற்றினால் ஷட்டரை இறக்கிவிடுவார்கள். மருந்தின் வேகத்தை முறிக்க ஊதா நிற மாற்று மருந்து கலப்பார்கள். அதற்குப் பிறகு சோதனை. வலைக்கூண்டில் பத்து மீனைப் போட்டு ஏரியில் தொங்கவிட வேண்டும். பத்தும் உயிரோடு இருந்தால் தண்ணீர் சுத்தம் என்று அர்த்தம், ஷட்டரைத் தூக்கலாம். ஒன்று செத்தாலும் தூக்கக் கூடாது. இதுவும் மாமா எழுதிய விதிதான். நல்ல விதி, அதில் நான் குறை சொல்ல மாட்டேன். கூண்டைச் சுற்றிக் கயிறு கட்டி, மேலே பச்சைத் துணி போர்த்தி, மாமாவைத் தவிர யாரும் கிட்டே போகக் கூடாது என்றும் ஒரு விதி. மருந்து ஊற்றிய ஏரி எதுவானாலும் மாமா கூண்டைத் தூக்கிப் பார்ப்பார், பத்தும் துள்ளும், ஷட்டர் ஏறும். அவர் கையில் ஒரு ஏரியும் தவறியதில்லை என்று மேலிடத்தில் அவருக்கு நல்ல பெயர்.

ஏரி தவறவில்லை. ஆனால் அதற்குக் கீழே இருக்கிற பண்ணைகளில் மட்டும் அவ்வப்போது மீன் சாகும். புகார் கொண்டுபோனால் மாமா நிதானமாகக் கேட்டுவிட்டு, "மீன் சாக ஆயிரம் காரணம் இருக்கு" என்பார். ஆயிரத்தில் அவருடைய காரணம் ஒருநாளும் இருந்ததில்லை.

எங்களுக்கும் ஒருமுறை வந்தது. போன தடவை இதே ஏரிக்கு மருந்து ஊற்றி, சோதனை முடிந்து, ஷட்டர் தூக்கிய மறுநாள் எங்கள் குஞ்சுத் தொட்டிகள் மொத்தமும் வெள்ளையாக மிதந்தன. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். மாமா வந்தார். தொட்டியை எட்டிப் பார்த்தார், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, சொந்தபந்தம் அத்தனை பேரும் கூடி நிற்கும்போது சொன்னார்.

"சகலை, தீனியை இப்படி அள்ளிக் கொட்டினா எந்த மீன் பொழைக்கும்?"

என் வீட்டுக்காரர் ஊமை இல்லை, ஆனால் பேசி ஜெயிக்கிற ஆளும் இல்லை. "அளவாத்தான் போட்டேன் அண்ணே" என்று ஒருமுறை சொன்னார், அதோடு சரி. நானோ மாமா படித்தவர், மீன் துறையில் இருக்கிறவர் என்று நம்பித் தொலைத்தேன். அன்றிலிருந்து தீனி வாளி என் கைக்கு வந்தது. வலை அலசுவது, தொட்டி தேய்ப்பது, வரப்பு வெட்டுவது எல்லாம் அவர். தீனி மட்டும் நான். சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போனால், பந்தியில் அவருக்குப் பரிமாறும்போது, "பாத்துப் போடுங்க, அள்ளிக் கொட்டிராதீங்க" என்று எவனாவது சொல்வான். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

இந்த வருஷம் ஏரியில் மறுபடியும் வேற்று மீன் பெருத்துப்போய், மறுபடியும் மருந்து. ஷட்டர் இறங்கிவிட்டது. எங்கள் தொட்டித் தண்ணீர் நாளுக்கு நாள் பச்சையேறி, நாற்றமெடுத்து, தாய் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூட ஆரம்பித்தன. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? தினமும் மாமாவுக்குப் போன் போட்டு வாயைப் பிடுங்கினேன்.

"எப்ப மாமா தூக்குவீங்க?"

"கூண்டு சொல்லணும்மா. நானா சொல்றேன்?"

"உங்க கூண்டு வாயைத் திறக்கறதுக்குள்ள என் மீனெல்லாம் வாயைப் பொளந்துரும் போலிருக்கே!"

"அவசரப்பட்டு சட்டத்தை மீற முடியாது. உனக்கொரு சட்டம், ஊருக்கொரு சட்டமா?"

இப்படியே போய்க்கொண்டிருக்க, ஒருநாள் காலையில் மாமா ஸ்கூட்டரில் நேரே பண்ணைக்கு வந்து இறங்கினார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. காலடியில் மூடி போட்ட வாளி.

"சின்னவளே, பாஸ்! பத்துக்குப் பத்து. நாளைக்குக் காலைல எங்க ஆபீஸ் டைரக்டரே வந்து ஷட்டரைத் தூக்குறார். அதோட லாரியில புது மீன் கொண்டுவந்து விட்டுத் தூண்டில் போட்டியும் வெச்சிருக்கோம். முதல் தண்ணி உனக்குத்தான்."

எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. விழுந்திருப்பேன், ஆனால் வாளிக்குள் ஏதோ மூடியை முட்டுகிற சத்தம் கேட்டது. "ஹீரோக்களைப் பாக்குறியா?" என்று அவரே மூடியைத் திறந்தார். பத்து மீன்கள் வாயை மேலே நீட்டிக் காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. ஒன்றுக்கு வால் நுனி கிழிந்திருந்தது.

எனக்கு அதை அடையாளம் தெரிந்தது. அதற்கும் என்னைத் தெரிந்திருக்க வேண்டும், அதே முறைப்பு.

"மாமா, இது கிழிசல்தானே? உங்க பாத்ரூம் மீன்தானே?"

"ஆமா. சொன்னேனே, ஆபீஸ் மீனுன்னு."

"பாத்ரூம் மீனைக் கூண்டுல போட்டீங்களா?"

"எப்பவும் இதுங்கதான். ஏழு ஏரி பாத்தாச்சு. நல்ல அனுபவம்."

நான் அவரையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தேன். மனுஷன் விளையாடவில்லை. பணி மூப்பு அடைந்த ஊழியர்களைப் பற்றிப் பேசுகிற மாதிரி பெருமையாகச் சொல்கிறார்.

"ஏன் மாமா, தரையில தூக்கிப் போட்டாலே நடந்து போற மீனு இது. காத்தை முழுங்கிப் பொழைக்கிற சாதி. இது தண்ணியில செத்தாத்தானே அதிசயம்? இதை வெச்சா தண்ணி சுத்தமான்னு பாத்தீங்க?"

"சட்டத்துல பத்து மீன்னுதாம்மா இருக்கு. என்ன மீனுன்னு இல்ல."

"சட்டத்தை எழுதினது யாரு?"

மாமா வாளியை மூடினார். நான் விடவில்லை. கேட்டுக் கேட்டுக் கடைசியில் கக்க வைத்தேன். உத்தியோகத்துக்கு வந்த புதிதில், முதல் ஏரிக்குப் பத்துக் கெண்டைக்குஞ்சுகளை வைத்திருக்கிறார். கூண்டைத் தூக்கினால் பத்தும் செத்துக் கிடந்தன. கரையிலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறார். வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு இறங்கவில்லை. அப்போது இருந்த மேலதிகாரி வேறு, ஏரியைத் திறக்க முடியவில்லை என்று தாளித்துவிட்டார்.

"மீன் செத்தது மருந்தாலயா, கூண்டுல போட்ட பயத்தாலயான்னு யாருக்கும்மா தெரியும்? ஒரு பாவமும் அறியாத ஜீவன். அதான் கொஞ்சம் தாங்குற மீனா வாங்கி வெச்சேன். அதுங்களும் தாங்குச்சு. அப்புறம் வேற எதுக்கு மாத்தணும்?"

கேட்டீர்களா அநியாயத்தை! மீன் சாவதைப் பார்க்கச் சகிக்காத மனிதரைத் தேடிக் கண்டுபிடித்து, மீன்கொல்லி மருந்துக்கு அனுமதி கொடுக்கிற நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். அவரும் தன் கண்ணெதிரே ஒரு மீன்கூடச் சாகாமல் பார்த்துக்கொண்டார். கண்ணுக்கு மறைவில் செத்ததற்குத்தான் ஆயிரம் காரணம் இருந்ததே.

அப்போது பின்னால் தண்ணீர் சிந்துகிற சத்தம் நின்றது. வலை அலசிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எழுந்து நின்றிருந்தார்.

"அண்ணே, போன தடவையும் இதே மீன்தானா?"

"ஆமா சகலை."

"அப்ப... தீனி இல்லையா?"

அவ்வளவுதான் கேட்டார். குரல்கூட உயரவில்லை. என் கண் ஆணியில் தொங்கிய தீனி வாளிக்குப் போயிற்று. மாமா ஸ்கூட்டர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "மீன் சாக ஆயிரம்..." என்று ஆரம்பித்தார். "வாயை மூடுங்க மாமா" என்றேன். அக்கா வீட்டுக்காரரை அப்படிச் சொல்லலாமா என்று அப்போது தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை.

சந்தேகத்துக்கே இடமிருக்கக் கூடாது என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஏரித் தண்ணீர் ஒரு குடம் கொண்டுவந்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் இரண்டு பேசின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். ஒன்றில் பிடித்து வைத்த மழைத் தண்ணீர், இன்னொன்றில் நான் கொண்டுவந்த ஏரித் தண்ணீர். இரண்டிலும் எங்கள் குஞ்சுகளில் ஐந்தைந்து விட்டோம். மழைத் தண்ணீரில் ஐந்தும் சுற்றி வந்தன. ஏரித் தண்ணீரில் முதலில் ஒன்று சாய்ந்தது, பக்கவாட்டிலேயே ஒரு வட்டம் அடித்தது, வயிற்றைக் காட்டியது. மாமா தலையைத் திருப்பிக்கொண்டார்.

"இங்க பாருங்க மாமா."

"வேணாம்மா."

"நீங்க பாக்காம விட்டதுதான் இவ்வளவு தூரம் வந்திருக்கு. பாருங்க!"

பார்த்தார். ஐந்தும் கவிழும்வரை பார்த்தார். அந்த வயதில் ஒரு ஆள் மூக்கை உறிஞ்சுவதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இருந்தாலும் கோபம் இறங்கவில்லை. நாளைக்கு ஷட்டரைத் தூக்கினால் வாய்க்காலிலிருந்து பண்ணைக்குத் தண்ணீர் திரும்புகிற என் வாய்மடையை நான் அடைத்துக்கொள்வேன், எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கீழே இருக்கிற பண்ணைக்காரர்களுக்கு யார் போய்ச் சொல்வது? அப்படியே அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாலும், ஊதா மருந்தை மறுபடி கலந்து ஏரியைச் சுத்தம் பண்ணினால்தானே எனக்கு என்றைக்காவது தண்ணீர் வரும்? ஏரி சுத்தமாகிவிட்டது என்று கையெழுத்தாகிவிட்டால் அப்புறம் ஒருவனும் திரும்பிப் பார்க்க மாட்டான்.

"போய் டைரக்டர்கிட்ட சொல்லுங்க" என்று அனுப்பினேன்.

போனார். சாயங்காலம் திரும்பி வந்தபோது பாதியாக இருந்தார். எங்கள் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு டைரக்டர் சொன்னதை ஒப்பித்தார்.

"பந்தல் போட்டாச்சு, போட்டிக்கு ஆள் வந்தாச்சு, இப்ப வந்து சொல்றியான்னார். கூண்டுல பத்து மீன் உசுரோட இருந்துச்சா இல்லையான்னு கேட்டார். இருந்துச்சுன்னேன். அப்ப சட்டப்படி தண்ணி சுத்தம், உன் கொழுந்தியா வீட்டு பேசின் எல்லாம் சாட்சி சொல்ல முடியாதுன்னுட்டார்."

"சரியாத்தானே சொல்லியிருக்கார்? நீங்க எழுதின சட்டம், உங்களுக்கே பூட்டு" என்றேன்.

மாமா உதடு அசைய ஏதோ சொல்லிப் பார்த்தார். தன் விதிகளை மனப்பாடமாக ஓட்டிப் பார்க்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. ஓரிடத்தில் நின்றார். நிமிர்ந்தார்.

"ஷட்டர் தூக்கும்வரை கூண்டு தண்ணீரில் இருக்க வேண்டும்" என்றார், எழுத்துத் தமிழில்.

"அதனால?"

"கூண்டு நாளைக்குக் காலைல வரைக்கும் தண்ணியில இருக்கணும். மீனோட இருக்கணும். இப்ப மீனு வாளியில இருக்கு, கூண்டு காலியா இருக்கு." எழுந்து நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கேட்டார். "பத்துக் குஞ்சு குடும்மா. சாகுற மீனா பாத்துக் குடு."

என் வீட்டுக்காரர் கைவலையை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனார். ஓரமாகச் சோர்ந்து கிடந்ததையெல்லாம் விட்டுவிட்டு, நடுவில் துள்ளிக்கொண்டிருந்த குஞ்சுகளாகப் பார்த்துப் பிடித்தார். "நோஞ்சானா குடுத்தா, நோயில செத்துச்சுன்னு சொல்லுவாங்க. நல்லதாவே எடுத்துட்டுப் போங்க அண்ணே" என்றார். நல்ல குஞ்சுகள். வேறு நேரமாக இருந்தால் ஒன்றைக்கூட யாருக்கும் சும்மா தொட விட்டிருக்க மாட்டேன். மாமா இரண்டு கையாலும் வாளியை வாங்கிக்கொண்டு, ஸ்கூட்டரைக் கிளப்பாமல் தள்ளிக்கொண்டே போனார். மேடு பள்ளத்தில் வாளி குலுங்கக் கூடாதாம்.

மறுநாள் காலை ஏரிக்கரையில் பந்தல், நாற்காலி, மைக், தூண்டிலோடு ஒரு பெரிய கூட்டம். டைரக்டர் வெள்ளைச் சட்டையில் பளபளவென்று வந்திறங்கினார். நான், அக்கா, என் வீட்டுக்காரர் மூவரும் முன்வரிசைக்குப் பக்கத்தில் நின்றோம். அக்காவுக்கு விஷயம் எல்லாம் தெரியும். "பயத்துல இந்த மனுஷன் கூண்டுக்குப் பதிலா தானே தண்ணியில விழுந்துருவார் போலிருக்கு" என்று என் காதில் முணுமுணுத்தாள்.

டைரக்டர் நீளமாகப் பேசினார். அறிவியல் என்றார், பாதுகாப்பு என்றார், உலகத்தரம் என்றார். தூண்டில்காரர்கள் கொட்டாவி விட்டார்கள். கடைசியில், போட்டோ எடுப்பவரைப் பார்த்து லேசாகத் திரும்பி நின்றுகொண்டு, "நமது தண்ணீர் எவ்வளவு தூய்மையானது என்பதை, இதோ, மீன்களே உங்களுக்குச் சொல்லும்!" என்று கையை நீட்டினார். வழக்கமாகப் பச்சைத் துணிக்குள்ளேயே முடிந்துவிடுகிற சங்கதி. அவராகவே ஆசைப்பட்டுக் கேட்டுக்கொண்டார், மாமாமேல் பழி இல்லை.

மாமா கயிற்றை இழுத்தார். கூண்டு மேலே வந்தது. துணியை எடுத்தார். பத்தும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன. என் வீட்டுக்காரர் பொறுக்கியெடுத்த பத்து.

போட்டோ எடுப்பவர் நிறுத்தாமல் எடுத்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற ஒரு தூண்டில்காரர், "மீன் சொல்லிருச்சு சார்!" என்றார். அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் வெடித்தது.

டைரக்டரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "என்னய்யா மீன் இது?" என்று பல்லைக் கடித்தார். மைக் அணைக்கப்படவில்லை என்பதை மறந்துவிட்டார். ஊருக்கே கேட்டது.

"கெண்டைக்குஞ்சு சார்."

"நேத்து இருந்த மீனு எங்க?"

"வீட்டுல இருக்கு சார்."

"யாரைக் கேட்டு மாத்துன?"

மாமா நிமிர்ந்து நின்றார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டுகிறது, துடைக்கக்கூட இல்லை. ஆனால் குரல் மட்டும் அவருடைய ஆபீஸ் குரல்.

"சட்டத்துல பத்து மீன்னுதான் இருக்கு சார். என்ன மீனுன்னு இல்ல. ஒண்ணு செத்தாலும் ஷட்டரைத் தூக்கக் கூடாதுன்னு இருக்கு. பத்து செத்திருக்கு."

டைரக்டர் ஷட்டர் சக்கரத்தின்மேல் வைத்த கையை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். கீழ்ப் பண்ணைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போன தடவை, அதற்கு முந்தின தடவை என்று ஒவ்வொருவர் மனசிலும் கணக்கு ஓட ஆரம்பித்தது எனக்குத் தெரிந்தது. மாமாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இறங்கி ஓடிப்போயிருக்கலாம். அந்த மனிதர் மைக்கை இன்னும் கிட்டே இழுத்தார்.

"சகலை" என்றார்.

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. என் வீட்டுக்காரர் தலை குனிந்திருந்தார்.

"சகலை, அது தீனி இல்ல. மருந்து. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

டைரக்டர் மைக்கைப் பிடுங்கி அணைத்தார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "யாரு சகலை? என்ன தீனி?" என்று பக்கத்தில் நின்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர், அவிழ்ந்து கிடந்த செருப்பு வாரைக் குனிந்து மாட்டினார். அதற்கு வெகுநேரம் ஆயிற்று.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏரிக்கு மறுபடி ஊதா மருந்து கலந்தார்கள். தண்ணீர் வரும்வரை என் தாய் மீன்களை மாமா வீட்டுத் தொட்டியில் கொண்டுபோய் வைத்தோம். கிழிசலும் கூட்டாளிகளும் சமையலறை அண்டாவுக்குக் குடிபெயர்ந்தன. அக்காவின் திட்டும் அங்கேயே குடிபெயர்ந்தது. தாய் மீன்களில் இரண்டு வழியிலேயே போய்விட்டன, மற்றவை பிழைத்தன. மாமாவிடம் விளக்கம் கேட்டார்கள், சம்பள உயர்வை நிறுத்தினார்கள். விதியில் என்ன மீன் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று மேலிடத்தில் முடிவானது. எழுத ஆளில்லாமல் அதையும் அவரிடமே கொடுத்தார்கள். கீழ்ப் பண்ணைக்காரர் ஒருத்தர் அவர் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார். மாமா கதவைச் சாத்தவில்லை, முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

இப்போதும் எங்கே ஏரிக்கு மருந்து ஊற்றினாலும் வாளியோடு எங்கள் வாசலுக்கு வருகிறார். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் கேட்கிறார். "வந்துட்டார்யா எமன், ஸ்கூட்டர்ல" என்பேன். ஒருமுறைகூடக் கொடுக்காமல் அனுப்பியதில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது மாமா மைக்கில் பேசிய அந்த நாளின் சாயங்காலத்தை. ஏரிக்கரையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். வேண்டுமென்றே போனேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், தீனி வாளி ஆணியில் இல்லை. என் வீட்டுக்காரர் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து ஒரு பிடி எடுத்தார், அதில் பாதியைத் திரும்ப வாளியில் போட்டார், மீதியைத் தூவினார். அளவு சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.